நாலு கதவு

முதல் பெட்டி டிரான்சிஸ்டர் ஏணி.
இரண்டாவது டயோடு ஏணி.
மூன்றாவதற்குப் பெயரில்லை.
சம்சுகனி ஒரே ராத்திரியில் பற்றவைத்தது,
மூடி கிடைக்காமல்
பிஸ்கட் டின்னில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றுக்கும் ஒரே தீனி:
ரம்பப்பல் அலை, நூற்றுப்பத்து ஹெர்ட்ஸ்,
விடாமல்.

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்.
சாவி இந்த மாதம் உமையாளிடம்.
தேவகோட்டை வங்கியில் கடன் பிரிவு அவள்.
"ஞாயிறு மட்டும். சுவத்துல ஆணி கூடாது"
என்று திறந்துவிட்டாள்.
வளவில் மேசை போட்டோம்.

நான் நோட்டில் எழுதினேன்.
ஒன்று: கருப்பட்டிப் பாகு, கம்பிப் பதம்.
இரண்டு: அதே பாகு, அடிப்பிடித்தது.
மூன்று: ஈயம் போன பாத்திரத்தில் புளி.
வாசித்துப் பார்த்தால் பலகாரக் குறிப்பு.
ஓசை எந்த வரியிலும் இல்லை.

சம்சுகனிக்கு உவமை ஆகாது.
"எங்கே முறியுது, எத்தனை படி இறங்குது,
குமிழைக் கடைசிவரை திருகினா
எந்த இடத்துல விசிலடிக்குது,
அதை எழுது."

உமையாள் கண்ணை மூடிக்கொண்டு
மூன்றையும் இரண்டு தடவை கேட்டாள்.
"ரெண்டாவதுக்குத் தடுமன் பிடிச்சிருக்கு."
அவளுக்கு எது டயோடு என்று
நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

பதினொன்றரைக்கு
எதிர்த்த மரவாடி ஞாயிறு பாராமல் தொடங்கியது.
தேக்கோ வேம்போ,
வட்ட ரம்பம் ஏறி
எங்கள் அலைமேல் குப்புறப் படுத்துக்கொண்டது.
பரிசோதனை போச்சு என்று
முகப்புக் கதவைச் சாத்த ஓடினேன்.

சாத்திய கணம்
ரம்பத்தின் பற்கள் மட்டும் உதிர்ந்தன.
அறுபடுவது கேட்டது.
கூர் கேட்கவில்லை.

திரும்பினேன். சம்சுகனி எழுந்து நின்றிருந்தான்.
"இன்னொண்ணு சாத்து."

வாசலிலிருந்து பின்தெருவரை
ஒரே நேர்கோட்டில் கதவுகள் இந்த வீட்டுக்கு.
நடுவில் நின்றால்
பின்தெருவில் போகிற சைக்கிள் தெரியும்.
ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டே பின்வாங்கினோம்,
மூன்று பேரும்,
சண்டையில் தோற்ற படைபோல.

வளவுக் கதவு: ரம்பம் தேனீ ஆயிற்று.
இரண்டாம் கட்டு: தேனீ போய்
யாரோ வாய்மூடி முனகினார்கள்.
அடுப்படிக் கதவு: காதில் ஒன்றுமில்லை.
வெறுங்காலில் கல் மட்டும்
லேசாக நடுங்கியது.
முற்றத்து வானம் வழியே கொஞ்சம் ஒழுகியதைக்
கணக்கில் சேர்க்கவில்லை.

"கதவுக்கு ஆறு டெசிபல். நாலு கதவு,
இருபத்துநாலு. ஏணிதான்" என்றான்.
"இப்ப நீ சொன்னது உவமை."
"இல்லை. பெருக்கல்."

அப்போதுதான் அந்த விசில்.

மெல்லியது, ஒரே சுருதி,
ரம்பமும் இல்லை, பெட்டியும் இல்லை.
தேடிப் போனால்,
அடுப்படிக் கதவைச் சாத்திய காற்று
இரண்டாம் கட்டுக் கதவை
ஒரு விரற்கடை தள்ளியிருந்தது.
அந்த இடுக்கில் ஆடிக்காற்று.
இதை இழுத்துச் சாத்தினால் அது திறக்கும்,
அதைச் சாத்தினால் இது.

"மழைக்கு ஊதிப்போன நிலை" என்றாள் உமையாள்,
"பங்காளி கூட்டத்துல மூணு வருசமா சொல்றேன்.
செலவை யார் போடறதுன்னுதான்."

சம்சுகனி தரையில் உட்கார்ந்துவிட்டான்.
ஒரு படியைத் தொட்டால் மற்றப் படிகளும் நகரும்,
தனித்தனியே நிற்கத் தெரியாத ஏணி,
இதைத்தான் அவன் ஆறு மாதமாக
வரைபடம் போட்டு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப இது டயோடு."
"தடுமன்னு சொன்னேன்ல."

சாப்பாட்டு நேரத்துக்கு மரவாடி ஓய்ந்தது.
கதவுகளைத் திறந்துகொண்டே முன்னால் வந்தோம்.
வளவில் ரம்பப்பல் அலை
எங்களுக்காகக் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.
வெயிலில் பெட்டிகள் சூடேறி
முறிகிற இடம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.
நோட்டில் கருப்பட்டியை அடித்தேன்.
அடிப்பிடித்ததை விட்டுவைத்தேன், அது சரிதான்.

பிஸ்கட் டின்னுக்குத்தான்
இந்த வீட்டில் கதவில்லை.
சன்னல்களைப் பார்க்கணும் என்கிறான்.
மாடியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன.

அடுத்த மாதம் சாவி
கோயம்புத்தூர்ப் பங்காளியிடம்.
அவருக்குச் சத்தம் ஆகாதாம்.